பூமராங் வாக்கர்: மழைக்குக் கணக்கு போட வந்த மனிதர்!

ஏப்ரல் மாசம் ஆனாலே போனில் ஒரு நோட்டிஃபிகேஷன் தவறாம வந்துடும். இந்த வருஷம் தென்மேற்குப் பருவமழை இயல்பா இருக்குமா, குறையுமா, கூடுமா என்று இந்திய வானிலை ஆய்வு மையம் வெளியிடும் கணிப்பு. கூடவே 'எல் நினோ' என்ற வார்த்தையும் ஒட்டிக்கொண்டு வரும். நாமும் ஒரு ஸ்வைப் பண்ணித் தள்ளிவிட்டு ரீல்ஸுக்குப் போயிடுவோம். ஆனா ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. பசிபிக் பெருங்கடலில், பெரு நாட்டுக் கரையோரம் தண்ணி சூடானா விதர்பாவில் ஒரு பருத்தி விவசாயி ஏன் கவலைப்படணும்? ரெண்டுக்கும் நடுவில் பாதி பூமி இருக்கே!

இந்த இரண்டு முனைகளையும் எண்களால் முதன்முதலில் உருப்படியாகக் கட்டிப்போட்டவர் சர் கில்பர்ட் வாக்கர். இந்திய வானிலைத் துறைக்கு 20 வருஷம் தலைவராக இருந்தவர். வேலையில் சேரும்போது வானிலை பற்றி அவருக்கு எதுவுமே தெரியாது என்பதுதான் இதில் சுவாரஸ்யம்.

1868 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ராச்டேலில் பிறந்தார் வாக்கர். அப்பா பொறியாளர். லண்டனில் செயின்ட் பால்ஸ் பள்ளி, பிறகு கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி. அந்தக் காலத்தில் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பிடிப்பவருக்கு 'சீனியர் ரேங்லர்' என்று பட்டம். நம்ம ஊரில் ஐ.ஐ.டி நுழைவுத்தேர்வில் முதல் ரேங்க் எடுத்தா என்ன மவுசோ, அதைவிடப் பெரிய மவுசு. 1889-ல் அந்தப் பட்டம் வாக்கருக்கு.

படிச்ச படிப்பில் உடம்பு கெட்டுப்போச்சு. சரிசெய்ய மூன்று குளிர்காலங்கள் சுவிட்சர்லாந்தில் கழித்தார். போன இடத்திலும் சும்மா இருக்கவில்லை, பனிச்சறுக்கு கற்றுக்கொண்டு அதில் கில்லாடியானார். எதைத் தொட்டாலும் அதன் கணக்கைப் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார். பூமராங் எறிந்தால் ஏன் திரும்பி வருது? கோல்ஃப் பந்து ஏன் காற்றில் வளைந்து போகுது? பில்லியர்ட்ஸ் பந்து மோதினால் என்ன ஆகுது? இதெல்லாம் அவர் கட்டுரை எழுதிய விஷயங்கள். கேம்பிரிட்ஜ் புல்வெளியில் மணிக்கணக்காக பூமராங் எறிந்துகொண்டிருந்ததால் நண்பர்கள் வைத்த பட்டப்பெயர்: பூமராங் வாக்கர்.

இப்படி ஒருத்தர் இந்தியாவுக்கு எதுக்கு வந்தார்? அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

பஞ்சம் உருவாக்கிய துறை

உங்க வீட்டில் வயசான தாத்தா, பாட்டி இருந்தா 'தாது வருஷப் பஞ்சம்' என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்கலாம். 1876-ல் மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் பொய்த்தது. சென்னை மாகாணம், மைசூர், பம்பாய் மாகாணம் என்று தென்னிந்தியாவே சுருண்டது. 1876-78 காலகட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. சென்னையில் இன்னிக்கு நாம மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி, அந்தப் பஞ்சத்தில் கூலிக்கு வந்தவர்களைக் கொண்டு வெட்டியதுதான்.

மழை மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. மக்கள் செத்துக்கொண்டிருந்தபோதும் தானியம் கப்பலேறி வெளியே போய்க்கொண்டுதான் இருந்தது. 1877 ஜனவரி 1 அன்று விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்க டெல்லியில் வைஸ்ராய் லிட்டன் தர்பார் நடத்தி விருந்து வைத்தார். அந்த லட்சக்கணக்கான சாவுகளை வானத்தின் கணக்கில் எழுதுவது ஆட்சியாளர்களுக்கு ரொம்ப வசதியான வேலை. ஆனா மழை எப்போ பொய்க்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் ஏதாவது செய்யலாமே என்ற நெருக்கடியும் அவர்களுக்கு இருந்தது. நிலவரி வேறு மழையை நம்பித்தானே!

இந்திய வானிலைத் துறை 1875-ல் தொடங்கப்பட்டிருந்தது. முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு, இமயமலையில் பனி அதிகம் விழுந்தால் அடுத்து வரும் பருவமழை குறையும் என்று கவனித்து, 1880-களில் நீண்டகால மழைக் கணிப்பைத் தொடங்கினார். சில வருஷம் பலித்தது. அவருக்குப் பின் வந்த ஜான் எலியட், கணிப்புக்குள் இன்னும் பல விஷயங்களைச் சேர்த்தார். பக்கம் பக்கமாக அறிக்கை போனது. 1899-ல் மழை நல்லா இருக்கும் என்று கணிப்பு வந்தது. வந்ததோ பெரும் வறட்சியும் இன்னொரு பஞ்சமும்.

பிழைத்தவர்கள் எலியட்டின் அறிக்கையைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் எலியட்டுக்கே ஒன்று புரிந்திருந்தது: அனுபவமும் ஊகமும் போதாது, இதுக்கு ஒரு கணிதக்காரன் வேணும். ஓய்வுபெறும் முன் தன் இடத்துக்கு அவர் தேடிப்பிடித்த ஆள்தான் வாக்கர். 1903-ல் இந்தியா வந்த வாக்கர், 1904-ல் ஆய்வகங்களின் தலைமை இயக்குநர் ஆனார். வானிலைப் படிப்பு பூஜ்யம்.

சிம்லாவில் மனிதக் கம்ப்யூட்டர்கள்

வாக்கர் எடுத்த முடிவு கொஞ்சம் விநோதமானது. காற்றும் கடலும் எப்படி இயங்குகின்றன என்பதற்கான சமன்பாடுகளை எழுதி, மழையை நேரடியாகக் கணக்கிடுவதுதான் ஒரு கணித மேதை செய்யும் காரியமாக இருக்கும். அதற்குத் தேவையான தகவலும் இல்லை, கணக்கிடும் சக்தியும் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. அதனால் 'ஏன்' என்ற கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு, 'எதோடு எது சேர்ந்து நடக்குது' என்று மட்டும் பார்க்கலாம் என்று இறங்கினார்.

இதைப் புள்ளியியலில் ஒட்டுறவு என்பார்கள். சிம்பிளா சொல்லணும்னா, மழை பெய்யும் நாளில் டீக்கடையில் பஜ்ஜி அதிகம் விற்கும் இல்லையா? மழை அளவையும் பஜ்ஜி எண்ணிக்கையையும் தினமும் எழுதிவைத்தால், ரெண்டும் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து ஏறி இறங்குது என்று ஒரே எண்ணில் சொல்லிவிடலாம். பஜ்ஜியை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் உலகத்தையே வைத்தார் வாக்கர். காற்றழுத்தம், வெப்பநிலை, மழை, நைல் நதியின் வெள்ளம், இமயமலைப் பனி... எங்கே எந்த நாட்டில் பதிவேடு கிடைத்தாலும் வாங்கினார்.

கணக்கு போட்டது யார்? சிம்லாவில் துறை அலுவலகத்தில் இருந்த இந்திய எழுத்தர்கள். கால்குலேட்டர் கிடையாது, எக்ஸெல் கிடையாது. ஒவ்வொரு ஒட்டுறவுக்கும் பல பத்தாண்டு எண்களைக் கையால் பெருக்கி, கூட்டி, வகுத்து எடுக்கணும். இப்படி ஆயிரக்கணக்கில்! வாக்கரின் பெயர் உலக அறிவியலில் நிற்கிறது. அந்த எழுத்தர்களில் பெரும்பாலானோரின் பெயரை இன்னிக்கு யாரும் சொல்வதில்லை.

1909 வாக்கில் அவர் பருவமழைக்கு ஒரு சூத்திரமே வைத்திருந்தார். இமயமலைப் பனி, மொரிஷியஸின் காற்றழுத்தம், தென் அமெரிக்காவின் காற்றழுத்தம், ஆப்பிரிக்கக் கரையோரம் இருக்கும் சான்சிபார் தீவின் மழை. இந்த நான்கையும் போட்டால் இந்தியாவுக்கு எவ்வளவு மழை என்று வரும். பலிக்குமா? சில வருஷம் பலித்தது, சில வருஷம் காலை வாரியது.

இங்கேதான் வாக்கர்மேல் எனக்கு மரியாதை கூடுது. நூறு விஷயங்களை மழையோடு ஒப்பிட்டால், ஒன்றிரண்டு தற்செயலாகவே பொருந்திவிடும். ஒரு ஹீரோவின் படம் ரிலீஸான வருஷமெல்லாம் நல்ல மழை என்று காட்டுவதுகூட முடியாத காரியம் இல்லை. அந்தப் பொறியில் தான் விழக்கூடாது என்று, 1914-லேயே அதற்கு ஒரு சோதனையை வகுத்தார். பல ஒப்பீடுகள் செய்து அதில் பெரிசா தெரியும் ஒன்றை மட்டும் எடுத்தால், அதை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும் சோதனை. இன்னிக்கு டேட்டா சயின்ஸ் வகுப்பில் முதல் செமஸ்டரில் எச்சரிக்கும் விஷயம் அது.

சென்னைத் துறைமுகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம்

1913 பிப்ரவரி. வேலை நிமித்தமாக வாக்கர் சென்னைக்கு வருகிறார். அங்கே துறைமுகக் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தன் அலுவலகத்தில் மாசம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு எழுத்தரைப் பற்றிச் சொல்கிறார். கல்லூரிப் படிப்பை முடிக்கல, பட்டம் இல்லை, ஆனா கணக்கு நோட்டு நிறைய வச்சிருக்கான் என்று. அந்த எழுத்தர் சீனிவாச ராமானுஜன்.

வாக்கர் நோட்டுகளைப் பார்த்தார். அவருடைய கணிதம் வேறு ரகம், ராமானுஜனுடையது வேறு ரகம். வாக்கர் காற்று, பந்து, பூமராங் என்று பயன்பாட்டுக் கணிதம் செய்தவர். ராமானுஜன் எண்களின் உலகத்தில் வாழ்ந்தவர். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல், இது தன் துறை இல்லை என்பதை ஒப்புக்கொண்டே, பிப்ரவரி 26 அன்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் கணித ஆய்வாளர் செய்யும் வேலைக்கு இணையான சுயசிந்தனை இந்த இளைஞரிடம் இருக்கிறது, சாப்பாட்டுக் கவலை இல்லாமல் சில வருஷம் கணக்கு மட்டும் போட பல்கலைக்கழகம் வழிசெய்யலாம் என்பது அதன் சாரம்.

பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகையா? விதியில் இடமில்லை. ஆனா ஆய்வகங்களின் தலைமை இயக்குநரும், கேம்பிரிட்ஜில் முதலிடம் பிடித்தவருமான ஒருத்தரின் கடிதத்தை எளிதில் தள்ளிவிட முடியாதே! ஹார்டியிடமிருந்தும் ராமானுஜனுக்கு அப்போதுதான் பதில் வந்திருந்தது. பல்கலைக்கழகம் இறங்கி வந்தது. 1913 மே மாதத்திலிருந்து ராமானுஜனுக்கு மாசம் 75 ரூபாய். அடுத்த வருஷம் மார்ச்சில் அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார்.

ராமானுஜன் கதையில் ஹார்டிக்குத்தான் எல்லா லைக்கும் போகும். வாக்கருக்கு ஒரு காட்சி கிடைத்தாலே பெரிசு. ஆனா அந்த 75 ரூபாய்தான் துறைமுகக் கணக்குப் பேரேட்டிலிருந்து ராமானுஜனை முதலில் விடுவித்தது.

ஒரு பிரம்மாண்ட சீசா

சிம்லாவில் எழுத்தர்கள் போட்ட கணக்குகளில் இருந்து மெள்ள மெள்ள ஓர் உருவம் எழும்பியது. பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் ஏறினால், இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்கும். அங்கே இறங்கினால் இங்கே ஏறும். பூங்காவில் குழந்தைகள் விளையாடும் சீசா மாதிரி. ஆனா பலகையின் நீளம் பல ஆயிரம் கிலோமீட்டர்.

இந்த எதிரெதிர் ஆட்டத்தின் சாயலை வாக்கருக்கு முன்பே சிலர் கவனித்திருந்தார்கள். ஹீலியத்தைக் கண்டறிந்த நார்மன் லாக்கியரும் அவர் மகனும் அதில் அடக்கம். ஆனால் மழை, வெப்பம், அழுத்தம் எல்லாமே இதோடு சேர்ந்து ஆடுகிறது என்று எண்களோடு நிறுவி, 1924-ல் அதற்கு 'தெற்கத்திய அலைவு' என்று பெயர் வைத்தது வாக்கர்தான். வட அட்லான்டிக்கில் ஒன்று, வட பசிபிக்கில் ஒன்று என்று இன்னும் இரண்டு சீசாக்களையும் அடையாளம் காட்டினார்.

அதே 1924-ல் ஓய்வு, சர் பட்டம், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியர் பதவி. இந்தியா வந்த வேலை முடிந்ததா என்றால், இல்லை. பருவமழையை நம்பகமாகக் கணிக்க அவரால் முடியவில்லை. அவர் பொறுப்பில் இருந்த 1918-ல் பருவமழை படுமோசமாகப் பொய்த்தது. அதே வருஷம் இன்ஃப்ளூயன்சா வந்து கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. எந்த மலையில் ஏறுவதற்காக அவரைக் கூட்டி வந்தார்களோ, அதில் ஏறாமல், பக்கத்தில் இருந்த இன்னொரு பெரிய மலையைக் கண்டுபிடித்துவிட்டுப் போனார்.

லண்டனில் சக விஞ்ஞானிகள் பலருக்கு இந்த ஆராய்ச்சி பிடிக்கவில்லை. காரணம் சொல்ல முடியாத ஒட்டுறவு வெறும் எண் விளையாட்டு என்பது அவர்கள் வாதம். அது அநியாயமான வாதமும் இல்லை; சீசா ஆடுவதை வாக்கர் காட்டினாரே தவிர, அதை யார் ஆட்டுகிறார்கள் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

வாக்கர் சண்டைக்குப் போகாமல் தன் போக்கில் இருந்தார். புல்லாங்குழலின் வடிவமைப்பை மேம்படுத்தப் பார்த்தார். சிம்லாவில் பருந்தும் கழுகும் இறக்கையை அசைக்காமலே எப்படி உயரே போகின்றன என்று பார்த்துப் பார்த்து எழுதியவர், இங்கிலாந்தில் கிளைடர் பக்கம் ஆர்வம் காட்டினார். 1931-ல் தெற்கத்திய அலைவை ஆராய அவர் எழுதிய ஒரு கணக்கு, இன்னொருவருடைய பழைய கணக்கோடு சேர்ந்து 'யூல்-வாக்கர் சமன்பாடுகள்' ஆனது. செல்போனில் பேசும்போது நம் குரலைச் சுருக்கி அனுப்பும் தொழில்நுட்பத்தில் அந்தச் சமன்பாடுகளுக்கு ஓர் இடம் உண்டு. அம்மாவுக்கு போன் போட்டு 'சாப்பிட்டியா' என்று கேட்கும்போதும் வாக்கர் ஓர் ஓரமாக வேலை பார்க்கிறார்.

1958 நவம்பர் 4 அன்று 90 வயதில் இறந்தார். அவருக்காக வெளியான அஞ்சலிக் குறிப்பிலேயே, உலக வானிலைக்கு ஒரு கோட்பாடு உருவாக்கும் அவருடைய நம்பிக்கை கைகூடவில்லை என்ற தொனி இருந்தது.

கடல்தான் ஆட்டுது!

அந்த அஞ்சலிக் குறிப்பு அச்சாகும் நேரத்தில், அதை மறுக்கும் ஆதாரம் ஏற்கெனவே கையில் வந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. 1957-58-ல் உலக நாடுகள் சேர்ந்து 'சர்வதேச புவி இயற்பியல் ஆண்டு' நடத்தின. கடலையும் காற்றையும் அதுவரை இல்லாத அளவுக்கு அளந்தார்கள். அதே சமயத்தில் பசிபிக்கில் ஒரு வலுவான எல் நினோ வந்து உட்கார்ந்தது. அந்தத் தகவல்களை வைத்துக்கொண்டு ஜேக்கப் பியர்க்னஸ் என்ற நார்வே வம்சாவளி விஞ்ஞானி 1960-களில் புதிரை அவிழ்த்தார்.

விஷயம் இதுதான். சாதாரண வருஷங்களில் பசிபிக்கின் நடுக்கோட்டில் காற்று கிழக்கிலிருந்து மேற்காக, அதாவது பெரு பக்கமிருந்து இந்தோனேசியா பக்கம் அடிக்கும். அது மேற்பரப்பின் சூடான தண்ணீரை மேற்கே தள்ளிக்கொண்டு போய்க் குவிக்கும். இந்தோனேசியா பக்கம் கடல்மட்டமே சுமார் அரை மீட்டர் உயர்ந்து இருக்கும் என்றால் பார்த்துக்கோங்க. சூடான கடலுக்கு மேலே காற்று ஈரத்தோடு மேலெழும்பி, மேகமாகி, மழையாகக் கொட்டும். மேலே போன காற்று உயரத்தில் கிழக்கே திரும்பி, பெரு பக்கம் கீழே இறங்கும். பிறகு மறுபடி மேற்கே. ஒரு ராட்சச சக்கரம். பெரு கரையில், மேலே இருந்த தண்ணீரைக் காற்று தள்ளிவிட்டதால் ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்துள்ள தண்ணீர் எழும்பி வரும். அங்கே நெத்திலி மீன் அள்ளுவது அதனால்தான்.

சில வருஷங்களில் அந்தக் காற்று தளர்ந்துபோகும். தள்ள ஆள் இல்லாததால் சூடான தண்ணீர் கிழக்கே வழிந்து வரும். சூடு நகர்ந்தால் மழை மேகமும் நகரும். கிழக்கே சூடு கூடக் கூட காற்று இன்னும் தளரும்; காற்று தளரத் தளர சூடு இன்னும் நகரும். ஒன்றை ஒன்று ஏத்திவிடும் நண்பர்கள் மாதிரி! பெரு மீனவர்கள் கிறிஸ்துமஸ் சமயத்தில் வரும் இந்தச் சூட்டைக் கவனித்து, குழந்தை யேசுவைக் குறிக்கும் வகையில் 'எல் நினோ' என்றார்கள். அந்தச் சமயத்தில் இந்தோனேசியா, ஆஸ்திரேலியா, இந்தியா பக்கம் காற்று மேலெழும்புவதற்குப் பதிலாகக் கீழிறங்கும் போக்கு கூடும். கீழிறங்கும் காற்றில் மேகம் வளராது. நம்ம பருவமழை தடுமாறும்.

பெருவின் சூடும் வாக்கரின் சீசாவும் ஒரே யானையின் தும்பிக்கையும் வாலும். தாது வருஷப் பஞ்சத்தின் 1877, உலகம் கண்ட மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று நிகழ்ந்த வருஷம் என்று இப்போது நமக்குத் தெரியும்.

ஆனாலும் இது சுவிட்ச் போட்டா லைட் எரியும் கணக்கு இல்லை. 1997-ல் அந்த நூற்றாண்டின் மிகப்பெரிய எல் நினோக்களில் ஒன்று வந்தது. இந்தியாவில் பருவமழை இயல்பாகப் பெய்துவிட்டுப் போனது. 2002-ல் அவ்வளவு வலுவில்லாத எல் நினோ. இயல்பான மழை என்று கணிப்பு வெளியாகியிருந்த நிலையில், ஜூலை மாசம் வானம் கையை விரித்து நாடே வறண்டது. இந்தியப் பெருங்கடலுக்கு என்று தனி மூடு இருக்கிறது, அதுவும் ஆட்டத்தில் சேருது.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு திருப்பம். நமக்கு வருஷ மழையில் கிட்டத்தட்ட பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்குது. எல் நினோ வருஷங்களில் தென்மேற்குப் பருவமழை குறையும் அதே நேரம், வடகிழக்குப் பருவமழை கூடும் போக்குதான் அதிகம். 2015 ஞாபகம் இருக்கா? நாடு முழுக்க வறட்சிப் பேச்சு ஓடிய வருஷம் அது. டிசம்பரில் சென்னைக்காரர்கள் மொட்டைமாடியில் நின்று படகுக்குக் காத்திருந்தார்கள். அதனால் செய்தியில் எல் நினோ என்று வந்ததும் மழையே இல்லை என்று ஸ்டேட்டஸ் போடும் நம்மாட்கள், அது எந்த மழை என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போடலாம்.

பசிபிக்கின் நடுக்கோட்டில் சுழலும் அந்த ராட்சசக் காற்றுச் சக்கரத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. 1969-ல் பியர்க்னஸ் தன் கட்டுரையில் அதற்கு 'வாக்கர் சுழற்சி' என்று பெயர் வைத்தார். வாக்கர் இறந்து அப்போது 11 வருஷம் ஆகியிருந்தது.